ராயபுரம் போகாத ஞாயிறுகள்

மாதத்தின் முதல் ஞாயிறன்று மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் அக்கா வீட்டுக்குத் திரும்ப மாட்டாள். கோயில் வாசலிலிருந்து நேரே ஆவடி ஸ்டேஷன்தான். வீட்டுக்கு வந்தால் யாராவது எதையாவது கேட்டு நிறுத்திவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பூசைக்குப் போட்ட முக்காடு தோளுக்கு இறங்கியிருக்கும். கையில் மடக்குக் குடை. பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருக்கும்போதே அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக லேசாகிக்கொண்டே வரும். நான் அந்தப் பக்கம் மார்க்கெட்டுக்குப் போகும்போது சில தடவை பார்த்திருக்கிறேன். கூப்பிட்டால் கேட்காத தூரத்துக்கு அப்போதே போயிருப்பாள்.

எங்கள் குவார்ட்டர்ஸில் அவள் எதிர் வீடு. அவள் வீட்டுக்காரரும் என் அப்பாவும் ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிஃப்ட். நாங்கள் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாகர்கோவில், மாடியில் இருந்தவர்கள் சேலம். அக்கா மட்டும்தான் அசல் பட்டணத்துக்காரி. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள், அவள் பேச்சிலேயே ராயபுரம் இருக்கும். அவள் கூடப் பிறந்த அக்கா இன்னும் அங்கே இருக்கிறாள், மாதம் ஒரு தடவை அவளைப் பார்க்கத்தான் போகிறாள் என்பது காலனிக்கே தெரிந்த விஷயம். ஏதோ ஒரு கல்யாணத் தகராறில் அந்த வீட்டுக்கும் அவள் புருஷனுக்கும் பேச்சுவார்த்தை முறிந்து பல வருஷம் ஆகிவிட்டது. அதனால் அவர் கூடப் போவதில்லை. சாயங்காலம் நாலு மணி ரயிலுக்குத் திரும்பிவிடுவாள். திரும்பும்போது பாட்டு ஏதாவது முணுமுணுத்துக்கொண்டு வருவாள்.

அவள் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டே அறை. அதில் புருஷன், மூன்று மகன்கள், படிப்பதற்காக வந்து தங்கி வேலை கிடைத்தும் போகாத கொழுந்தன். இத்தனை பேருக்கும் அக்காவைக் கூப்பிடாமல் ஒரு காரியம் ஓடாது. சட்டை எங்கே என்று ஒரு குரல், தண்ணீர் வந்துவிட்டதா என்று ஒரு குரல். மாமாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே. அவளுடைய வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். தங்கமான மனுஷர், குடிக்க மாட்டார், அதட்ட மாட்டார். ஆனால் தனக்குள் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாதவர். பேப்பரை உரக்கப் படிப்பார், பஸ் போர்டை உரக்கப் படிப்பார், பல்லி விழுந்தால் அதையும் சொல்வதற்கு அக்காவைக் கூப்பிடுவார். "இந்தாம்மே, எங்க கீறே?" என்ற கேள்வி எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கேட்கும். அவள் பெரும்பாலும் அடுத்த அறையில்தான் இருப்பாள். இருப்பதே இரண்டு அறை.

ராயபுரம் போய்வந்த வாரத்தில் அக்காவின் அடுப்பில் வினோதமான சங்கதிகள் நடக்கும். ரொட்டிக்கு நடுவில் சென்னாக்குன்னிக் கருவாட்டைத் தொக்காக்கி வைத்து, கேன்டீனில் வாங்கிய டின் சீஸைத் துருவிப் போட்டு, தோசைக்கல்லில் அமுக்கி எடுப்பாள். நூடுல்ஸில் எறா தொக்கு போடுவாள். இட்லியை விரல் விரலாக நறுக்கி, குடமிளகாயும் சோயா சாஸும் போட்டுப் புரட்டி, மேலே கொஞ்சம் இட்லிப் பொடி தூவித் தருவாள். என் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேருமாடி?" என்று கேட்பாள்.

"ஒரே தட்டுல வெச்சா சண்டையா போடப்போவுது? துன்னு பாருக்கா" என்பாள் அவள்.

இதெல்லாம் ராயபுரத்து அக்காவின் கைப்பக்குவம் என்று நாங்கள் நம்பினோம். துறைமுகத்துப் பக்கத்து ஆட்கள், கப்பலில் வருகிற சாமான்களைப் பார்த்தவர்கள், அப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று என் அப்பா விளக்கமே கொடுத்தார். மாமாவோ சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, "ஆள்தான் சரியில்ல, சமையல்ல உங்க அக்காவை அடிச்சிக்க ஆள் கெடையாது" என்று மனசாரச் சொல்வார்.

உண்மை எனக்குத் தெரியவந்தது ஒரு மழையால்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. மண்ணூர்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் வேலை. கூட வேலை செய்த பெண்ணின் கல்யாணத்துக்குப் பரிசு வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நுங்கம்பாக்கம் போயிருந்தேன். திடீரென்று கொட்டிய மழைக்கு, மரம் அடர்ந்த ஒரு தெருவில், கேட் திறந்திருந்த பழைய பங்களா ஒன்றில் ஒதுங்கினேன். முன்பக்கத்தில் ஒரு துணிக்கடை. அதைத் தாண்டி, கண்ணாடி ஜன்னல்கள் வைத்த நீள வராந்தாவில் பத்துப் பன்னிரண்டு பிரம்பு மேசைகள். அந்த மாதிரி இடத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஹோட்டல் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் டம்ளர் சத்தமும் பில்லைக் கத்திச் சொல்லும் சர்வரும்தான். இங்கே சத்தமே இல்லை. மின்விசிறி அவசரமில்லாமல் சுற்றியது. தொட்டியில் வைத்த பெரணிச் செடிகள் அந்தக் காற்றில் கொஞ்சமாக அசைந்தன. வெளியே மரத்திலிருந்து சொட்டுகிற பச்சை வெளிச்சம் மேசை விரிப்புகளின் மேல் விழுந்து, அறை முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பது மாதிரி இருந்தது.

கடைசி ஜன்னலோரத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

முன்னால் ஒரு வெள்ளைக் கெட்டில், ஒரு கோப்பை, பாதி சாப்பிட்ட மிளகாய் சீஸ் டோஸ்ட். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை நாற்காலிக்கடியில் பின்னி வைத்திருந்தாள். புத்தகம் படிக்கவில்லை, யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மழையைக்கூடப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. அந்த முகத்தை என்னால் சரியாகச் சொல்ல முடிந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. தூங்கும் குழந்தையின் முகத்தில் ஒன்றும் இருக்காது இல்லையா, அந்த மாதிரி ஒன்றும் இல்லாமல் இருந்தது. எனக்கு ஏனோ பயமாகிவிட்டது. பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி திரும்பப் போனேன். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி கண்ணு, மயைல நின்னுகினு கீறே? வா, வந்து குந்து."

எதிரில் உட்கார்ந்தேன். சர்வர் கேட்காமலே இன்னொரு கோப்பை வைத்தார். நரைத்த கிராப்பு வைத்த பெரியவர். அவள் எனக்கு டீ ஊற்றினாள். கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு நான்தான் கேட்டேன்.

"ராயபுரம் போகலையா அக்கா?"

"எப்பனா போவேன். எங்க அக்காவுக்குத் தெரியும், கேட்டா சமாளிச்சுப்பா."

"அப்ப மாசா மாசம்..."

"இங்கதான். ஏழெட்டு எடம் பாத்தேன். ஒண்ணுல பாட்டுப் போட்டு மண்டைய ஒடைக்கிறான். ஒண்ணுல ஏசி, குளுரு தாங்கல. இது தோதா கீது."

"தனியாவா?"

அவள் சிரித்தாள். "தனியா வரத்தானே வர்றேன். காலைல எதுவும் துன்னாம பூசைக்குப் போயி சாமியார் குடுக்கிற நன்மைய வாங்கிகினு, அப்டியே ரயிலேறிப் பதினோரு மணிக்கு இங்க வந்து குந்துவேன். டிபனும் இல்லாம சாப்பாடும் இல்லாம இவங்க ஒண்ணு குடுப்பாங்க. துன்னுட்டு, டீ குடிச்சிகினு, சொம்மா கீறேன். ரெண்டு மணி வரைக்கும் ஒருத்தரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. அது போதும் எனக்கு, ஒரு மாசம் ஓட்டிருவேன்."

காலனிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்து அவள் சேர்க்கிற காசு அதற்குத்தான் என்று பிறகு புரிந்தது. யாரிடமும் சொல்லிவிடாதே என்று அவள் கேட்கவே இல்லை. மழை விடும்வரை நான்தான் கம்பெனிக் கதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். விட்டதும், "குடிச்சாச்சா? பஸ் இந்த நேரத்துக்குக் காலியா வரும், கெளம்பு" என்றாள். எனக்கு லேசாக வலித்தது. கேட்டருகில் வந்து திரும்பிப் பார்த்தபோது அவள் என் கோப்பையை மேசை ஓரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, மறுபடி அந்தப் பச்சை வெளிச்சத்துக்குள் போயிருந்தாள். பஸ்ஸில் வரும்போது வலி போய், எனக்கே ஏதோ ஒரு ரகசியப் பரிசு கிடைத்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் முதல் ஞாயிறுகளில் பதினொரு மணி ஆனால், வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாலும், அக்கா இப்போது செருப்பைக் கழற்றியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கும் சேர்த்து அவள் அங்கே உட்கார்ந்திருப்பதாக ஒரு எண்ணம்.

இனி என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்க ஆட்கள் வருகிற அன்று குவார்ட்டர்ஸில் எல்லா ஜன்னலிலும் தலை முளைத்துவிடும். மாடிப்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். நான் பஜ்ஜித் தட்டோடு கூடத்துக்கு வந்தால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பேர் என்ன என்று கேட்டால்கூட வார்த்தை வராது. கம்பெனியில் சூப்பர்வைசரோடு சண்டை போடுகிற அதே நான்தான். வந்தவர்கள் ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள், எழுத மாட்டார்கள். பெண்ணுக்குப் பேச்சில் ஏதோ கோளாறு என்று ஒரு வதந்தியும் கிளம்பிவிட்டது. அம்மா சாமி விளக்கு முன்னால் அழ ஆரம்பித்தாள்.

அப்போது மாமா ஒரு வரன் கொண்டுவந்தார். கரையான்சாவடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற குடும்பம். பையனின் சித்தப்பா மாமாவுக்குப் பக்கத்து மெஷின். வதந்தி அவர்கள் காதுக்கும் போயிருந்தது. ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்களாம்.

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். "இங்க வரவெக்காதீங்கக்கா. இத்தினி கண்ணு பாத்தா அது எங்க பேசும்? நுங்கம்பாக்கத்துல ஒரு எடம் கீது. டீ குடிக்கிற எடம். ரெண்டு வீட்டு ஆளுங்களும் அங்க போயிப் பாத்துக்கலாம். இப்பல்லாம் அப்டித்தான் பாக்கறாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரன் கொண்டுவந்தவர் மாமா, அவர் வராமல் காரியம் நடக்காது. அந்த வராந்தாவில் அவர் கால் வைத்தால் அக்காவின் ஞாயிறு என்னவாகும்? மாதத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த மூன்று மணி நேரம்தான். அவளைத் தனியாகப் பிடித்து, "வேண்டாம்க்கா, வேற இடம் ஏதாவது சொல்லு" என்றேன்.

"வேற எடமெல்லாம் பாத்துட்டேன்னு சொன்னேன்ல. உனக்கு அங்கதான் வாய் தொறக்கும். அன்னிக்கி மயைல எங்கிட்ட எவ்ளோ பேசினே?"

"மாமாவுக்குத் தெரிஞ்சிடுமே."

கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தவள் கை கொஞ்சம் நின்றது. "தெரிஞ்சா இன்னா, அடிக்கவா போறாரு" என்று சொல்லிவிட்டு மடிக்க ஆரம்பித்தாள். அவள் சொன்னதும் சரிதான். அவர் அடிக்கிறவர் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூட்டம் அந்த வராந்தாவுக்குள் நுழைந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அப்பா வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்தார். அம்மா கையில் பெரிய எவர்சில்வர் தூக்கு. பிள்ளை வீட்டார் முன்னமே வந்திருந்தார்கள்: பையன், அவன் அம்மா, சித்தப்பா. மாமா உள்ளே வந்ததும் சுவரில் எழுதியிருந்த மெனுவை ஆரம்பத்திலிருந்து உரக்கப் படிக்கத் தொடங்கினார். அந்த அறையில் அவ்வளவு பெரிய குரல் அதுவரை கேட்டிருக்காது.

நரைத்த கிராப்புப் பெரியவர் சிரித்துக்கொண்டே எங்களை நோக்கி வந்தார். எங்களை இல்லை, அக்காவை நோக்கி. "வாங்க மேடம். உங்க டேபிள் காலியாத்தான் வச்சிருக்கேன். இன்னிக்கு விருந்தாளிங்களா? சந்தோஷம்." ஜன்னலோர நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மாமா மெனுவைப் பாதியில் நிறுத்தினார். பெரியவரைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அவள் மாமாவின் கண்ணைப் பார்த்தபடியே, "வந்தவங்களை மொதல்ல கவனிங்க அண்ணாத்தே" என்று பெரியவரிடம் சொன்னாள். பெரியவர் திகைத்துப்போனார். இத்தனை வருஷத்தில் அவர் அவள் குரலை அதிகம் கேட்டதில்லை போலிருக்கிறது. அவள் அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தாள்.

அடுத்து அம்மா தூக்கைத் திறந்தாள். வாழைக்காய், வெங்காயம் என்று இரண்டு வகை பஜ்ஜி, அடியில் வாழையிலையில் கேசரி. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் வீட்டுப் பலகாரம் ஒரு வாய் சாப்பிடாமல் போகக்கூடாது என்பது அம்மாவின் கட்சி. எண்ணெய் வாசனை பெரணிச் செடிகளைத் தாண்டிப் போய் எல்லா மேசைக்காரர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது. வெளிச்சாப்பாடு இங்கே கூடாது என்று பெரியவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அப்பா எழுந்துவிட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது.

"பொண்ணு பாக்க வந்துகீறாங்க அண்ணாத்தே. கோச்சுக்காம நாலு ப்ளேட்டு குடுங்க. உங்க மொதலாளியம்மாவுக்கும் ஒண்ணு வெக்கிறோம்" என்றாள் அக்கா.

முதலாளியம்மா நேரே வந்துவிட்டாள். குட்டை முடி, கலம்காரிப் புடவை. ஒரு பஜ்ஜியைக் கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பூண்டு மணக்கிற வெள்ளை சாஸ் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். "இதுல தொட்டுப் பாருங்க, எனக்காக" என்றாள். பிள்ளை வீட்டு அம்மாள் அரண்டுபோய்ப் பார்த்தாள். பையன் மட்டும் தைரியமாக ஒரு வெங்காய பஜ்ஜியை முக்கி வாயில் போட்டான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வெங்காயத்துக்கு அது ஒத்துவராது. வாழைக்காய்ல தொட்டுப் பாருங்க" என்றேன்.

நான்தான் பேசினேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாழைக்காயில் தொட்டுப் பார்த்து, "ஆமா, இது நல்லாருக்கு. எப்படித் தெரியும்?" என்று கேட்டான். எதிர் வீட்டில் ரொட்டிக்குள் கருவாடு வைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவள் என்று சொன்னேன். அவன் அதை நம்பவில்லை. பிறகு அவன் கடையைப் பற்றிக் கேட்டேன், அவன் காயில் சுற்றுவதைப் பற்றிக் கேட்டான். வெளியே வெயில் மரத்தில் நுழைந்து நுழைந்து வந்தது. யாரோ எங்கோ ஒரு ஸ்பூனை வைக்கிற ஓசை தூரத்தில் கேட்டது. எவ்வளவு நேரம் பேசினோம் என்று தெரியவில்லை, கனவில் பேசுவதுபோல வார்த்தை தானாக வந்துகொண்டிருந்தது. "நல்லாத்தானே பேசுது பொண்ணு" என்று அவன் அம்மா அக்காவிடம் சொன்னதும், அங்கேயே தேங்காய் பழம் இல்லாமல் தட்டு மாற்றாமல் எல்லாம் முடிவானதும் என் காதில் பாதிதான் விழுந்தது. அவ்வளவு நேரமும் அக்கா எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் அவள் எழுந்து நின்று பரிமாறியதை அன்றுதான் பார்த்தேன்.

திரும்பும் ரயிலில் மாமா எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஒரு போர்டையும் படிக்கவில்லை. பெரம்பூர் போனது, வில்லிவாக்கம் போனது, வாயைத் திறக்கவில்லை. என் கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தில் அப்பாவும் அம்மாவும் எதையும் கவனிக்கவில்லை. நான் மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொரட்டூர் தாண்டியதும் அவர் மெதுவாகக் கேட்டார்.

"அந்த ஜன்னலாண்ட காத்து நல்லா வருமா?"

"வரும்" என்றாள் அக்கா.

"ரொம்ப நாளாவா?"

"ஆமா."

அவர் தலையைக் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். நான் எதிர்பார்த்த கோபம் முகத்தில் இல்லை. கண் கலங்கியிருந்தது. "பாவம்மே நீ. துணைக்கு ஆளில்லாம ஒண்டியா போயி குந்திகினு இருந்திருக்கே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா?" என்றார்.

அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்பத்தூர் வரும்வரை திரும்பவில்லை.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து ஸ்டேஷனுக்குப் போனார்கள். மாமா இஸ்திரி போட்ட சட்டையும் ஷூவும் போட்டிருந்தார். அதற்கு அடுத்த மாதமும் போனார்கள். இந்த வயதில் இப்படி ஒரு ஜோடியா என்று காலனியே கண் வைத்தது. பெண்டாட்டிக்கு ஒரு ஆசை என்று தெரிந்ததும் விட்டுக்கொடுக்காமல் கூட்டிப்போகிறாரே என்று என் அம்மா அப்பாவைக் குத்திக்காட்டினாள். மாமாவும் கூச்சப்பட்டுக்கொண்டே, "பாவம், எத்தினி வருசம் ஒண்டியா அலைஞ்சிச்சு" என்று எல்லாரிடமும் சொன்னார்.

கல்யாணமாகிக் கரையான்சாவடிக்கு வந்த பிறகு, ஒரு முதல் ஞாயிறு என் வீட்டுக்காரரோடு அந்த இடத்துக்குப் போனேன். போகும் வழியெல்லாம் அவள் இருக்க வேண்டும் என்றும் இருக்கக்கூடாது என்றும் நினைத்துக்கொண்டே போனேன். இருந்தார்கள். ஜன்னலோர மேசையில் மாமா தட்டில் இருந்ததைப் பிட்டுப் பிட்டு அவளுக்கு ஊட்டாத குறையாக வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசைக்காரரிடம் திரும்பி அதன் செய்முறையை விசாரித்தார். அக்கா சிரித்தபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். காலில் செருப்பு இருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா கீறியாடி கண்ணு?"

"நல்லா இருக்கேன்க்கா. ரொம்ப நல்லா இருக்கேன்." அவள் கையை விடாமலே கேட்டேன்: "நீ?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் எங்களைப் பார்த்துக் கையாட்டினார்.

"நல்ல மனுஷண்டி" என்றாள். "ஒரு கொற சொல்ல முடியாது."

அதற்குள் அங்கிருந்து குரல் வந்தது, "இந்தாம்மே, எங்க போய்ட்டே?" அவள் என் கையை விட்டுவிட்டுப் போனாள்.